கார் லீஸ் முன்முடிப்பும் வண்டி மாற்றமும் (கொல்கத்தா)

லீஸில் எடுத்த காரைத் தவணைக்காலம் முடியும் முன்பே திருப்பிக் கொடுப்பதும், மீதியைக் கட்டித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் லீஸ் முன்முடிப்பு எனப்படும். பெரும்பாலும் வேறொரு வண்டி வாங்கும் எண்ணத்தோடுதான் இது தொடங்குகிறது. இந்தியாவில் தனிநபர் கார் லீஸ் இன்னும் குறைவு. வங்கிக் கடனில் காரை வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை ஏற்றி ஓட்டுவதே பரவலான வழக்கம். லீஸ் கார் முக்கியமாக நிறுவன ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு கூறாகக் கிடைக்கிறது. 2020இல் மாருதி சுசுகி தொடங்கிய ‘சப்ஸ்கிரைப்’ போன்ற மாதச் சந்தாத் திட்டங்களால் மற்றவர்களும் இப்போது லீஸ் கார் எடுக்கிறார்கள்.

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவிலும், தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் இந்தச் சிக்கல் எழுவது வழக்கமாக மாற்றல் உத்தரவு வரும்போதோ வேலையை விடும்போதோதான். ஊழியர், அவருடைய நிறுவனம், லீஸ் நிறுவனம் என மூன்று தரப்பு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஊழியர் விலகினால் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. புதிய நிறுவனம் லீஸை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊழியரே முழுவதையும் தீர்க்க வேண்டும். தீர்க்கும் தொகையில் மீதி வாடகையின் ஒரு பங்கு, லீஸ் முடிவில் காருக்கு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் முன்பே குறித்த எச்ச மதிப்பு, முன்முடிப்புக் கட்டணம், இவற்றின் மீதான ஜிஎஸ்டி ஆகியவை சேரும். கட்டணம் எவ்வளவு என்பதை ஒப்பந்தம் சொல்லும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியதெல்லாம் அப்படியே செல்லுபடியாகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவு, மீறலுக்கு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு பேசுபவருக்கும் தெரியாமல் கையெழுத்திடுபவருக்கும் பேரத்தில் வித்தியாசம் உண்டு.

வங்கிக் கடனில் வாங்கிய காருக்குக் கணக்கு எளிது. தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்தது. கார் கடன்களோ பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுபவை. அதனால் இந்தச் சலுகை பலருக்குக் கிடைப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 51ஆம் பிரிவின்படி லீஸும், வங்கிக் கடனுக்குக் காரை ஈடாக வைக்கும் ஹைபாதிகேஷனும் ஆர்.சி.யில் பதியப்படுகின்றன. அப்படிப் பெயர் பதிவான நிறுவனம் எழுத்துமூலம் சம்மதிக்காமல் அந்தக் காரின் உரிமையை வேறொருவருக்கு மாற்ற முடியாது. பணத்தைக் கட்டியதும் அந்நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35உம் வாங்கி, மோட்டார் வாகன அலுவலகத்தில் அந்தப் பதிவை நீக்க வேண்டும். கொல்கத்தாவில் இந்த வேலைக்குப் பேர்போன இடம் பேல்தலா சாலை அலுவலகம். கார் வேறு மாநிலத்துக்குப் போவதானால் படிவம் 28இல் இன்னொரு தடையில்லாச் சான்றும் தேவை. சென்னைக்கு மாற்றலாகிறவர் பழைய காரைக் கொல்கத்தாவிலேயே கொடுத்துவிட நினைப்பதற்கு இந்த அலைச்சலே காரணமாகிவிடுகிறது.

பழைய காரை ஷோரூமில் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்சில் பணம் கரையும் இடம் வேறு. எடுத்துக்காட்டாக, காரை விடுவிக்க ரூ. 5,20,000 தேவை, ஷோரூம் அதற்குத் தரும் விலை ரூ. 4,60,000 என்று வைத்துக்கொள்வோம். பற்றாத ரூ. 60,000ஐப் புதிய காரின் கடனோடு சேர்த்துவிட்டால் இன்று கைப்பணம் போகாது. ஆனால் இல்லாத காருக்கு ஐந்தாண்டு வட்டி கட்ட நேரும், புதிய காரும் முதல் நாளே அதன் மதிப்பை மீறிய கடனோடு வீட்டுக்கு வரக்கூடும். எனவே ஷோரூமுக்குள் நுழையும் முன்பே முன்முடிப்புக் கணக்கை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. பழைய காரின் விலையையும் புதிய காரின் தள்ளுபடியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாகச் சொன்னால் எது எங்கே குறைந்தது என்று தெரியாது.

வண்டியைக் கொடுத்த பிறகும் பொறுப்பு உடனே நீங்காது. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை பதிவு உரிமையாளரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் கை மாறிக் கை மாறிப் போயிருந்தும் முதல் உரிமையாளரே பொறுப்பாளி ஆனார். 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கு ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. பழைய கார் விற்பனையாளர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவராக இருந்தால், படிவம் 29சி வழியாக வண்டியை ஒப்படைத்த தகவலைப் பதியலாம். அதன்பின் அந்த விற்பனையாளரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாதவரிடம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு வருவது பழைய ஆபத்தை மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்வதாகும்.

காப்பீட்டின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்ததல்ல, பாலிசிதாரரைச் சேர்ந்தது. 20 முதல் 50 சதவீதம் வரையிலான இந்தத் தள்ளுபடியைக் காப்பீட்டு நிறுவனத்தின் சான்றோடு புதிய காருக்கு மாற்றலாம். மூன்று ஆண்டுகள் வரை அது செல்லும். லீஸ் நிறுவனத்தின் பெயரில் பாலிசி இருந்திருந்தால் அதைத் தனக்கு மாற்ற முடியுமா என்பதை வண்டியை ஒப்படைக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.