துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா மட்டும் போதாதா? பிரிட்டனில் வேட்டைக்காரர்கள் விவசாயி வீட்டுக் கதவைத் தட்டுவது ஏன்?

இங்கிலாந்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் போலீஸ் கொடுத்த துப்பாக்கிச் சான்றிதழ் இருக்கு. துப்பாக்கியும் இருக்கு. எதிரே உள்ள வயலில் நூற்றுக்கணக்கான புறாக்கள் இறங்கி, பயிரை மேய்ஞ்சிட்டு இருக்கு. வேலியைத் தாண்டிப் போய் சுடலாமா?

கூடாது. துப்பாக்கியோடு வேலியைத் தாண்டினாலே ஒரு குற்றம். புறாவைச் சுட்டால் அது இன்னொரு குற்றம். இந்த ரெண்டுமே குற்றம் இல்லாமல் போகணும்னா, முதலில் தேவைப்படுவது விவசாயியின் சம்மதம்தான்.

பிரிட்டனில் நிலமே இல்லாத, துப்பாக்கி மட்டும் வைத்திருக்கும் பலர் பண்ணை பண்ணையாகப் போய் இந்த அனுமதியைக் கேட்கிறார்கள். இது எப்படி நடக்குது, சட்டம் என்ன சொல்லுது, விவசாயிகள் ஏன் தயங்குகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

புறாவை ஏன் சுடுகிறார்கள்?

பிரிட்டன் விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி, கழுத்தில் வெள்ளைப் பட்டை கொண்ட 'வுட் பிஜன்' என்ற காட்டுப்புறா. நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் ஜோடிகள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பட்டாணி, முட்டைகோஸ், கடுகு குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் ஆகிய பயிர்களை இவை கூட்டமாக வந்து தின்கின்றன. குளிர்காலத்தில் வேறு பச்சை குறைவாக இருக்கும்போது ரேப்சீட் வயல்தான் இவற்றுக்குச் சாப்பாட்டு மேசை.

கொல்லைப் பொம்மை, பறக்கும் பட்டம், எரிவாயுவில் வெடிச்சத்தம் போடும் இயந்திரம் என எல்லாவற்றையும் விவசாயிகள் வைக்கிறார்கள். ஆனால் சில நாட்களில் புறாக்களுக்கு அது பழகிப்போய்விடும். நாள் முழுக்கத் துப்பாக்கியோடு வயலில் உட்கார விவசாயிக்கு நேரம் கிடையாது. இங்கேதான் வேட்டையைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சுட ஒரு இடம் வேணும். விவசாயிக்குப் பயிர் மிஞ்சணும். பெரும்பாலும் காசு கைமாறாமலேயே இந்த ஏற்பாடு நடக்கும்.

அனுமதி இல்லாமல் சுட்டால் என்ன ஆகும்?

சாதாரணமாக ஒருவர் அடுத்தவர் நிலத்தில் நுழைந்தால், இங்கிலாந்தில் அது பெரும்பாலும் சிவில் விவகாரம்தான். ஆனால் கையில் துப்பாக்கி இருந்தால் கதை மாறிவிடும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் துப்பாக்கியோடு அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைவது கிரிமினல் குற்றம். தோட்டா போட்டிருக்கணும்னு கூட அவசியம் இல்லை. ஏர்கன்னுக்கும் இது பொருந்தும். 3 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

அடுத்தது பறவை. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. புறாவுக்கும்தான். பயிருக்குக் கடுமையான சேதம் வராமல் தடுக்க, அரசு 'பொது உரிமம்' என்ற பெயரில் விலக்கு கொடுக்கிறது. இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். ஆனால் 'அதிகாரம் பெற்ற நபர்' மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

யார் அந்த நபர்? நிலத்தின் உரிமையாளர், நிலத்தை வைத்துப் பயிர் செய்பவர், அல்லது அவர்கள் அனுமதித்த ஆள். ஆக, விவசாயி சொல்லும் 'சரி' என்பது வெறும் மரியாதை விஷயம் இல்லை. அந்த வார்த்தை இல்லைன்னா உரிமத்தின் பாதுகாப்பே கிடைக்காது. காட்டுப் பறவையைச் சட்டவிரோதமாகக் கொன்றால் 6 மாதம் வரை சிறை, அபராதம் என்று போகும்.

இன்னொன்றும் கவனிக்கணும். பொழுதுபோக்குக்காகப் புறாவைச் சுட இந்த உரிமத்தில் இடம் இல்லை. பயிரைக் காப்பதுதான் நோக்கமாக இருக்கணும். சுடாமல் விரட்டும் வழிகளையும் முயற்சி செய்திருக்கணும்.

சரி, யாரிடம் கேட்கணும்?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். டிராக்டரில் இருப்பவர் நிலத்துக்காரர் என்று நினைத்து, அவரிடம் கேட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் அவர் கூலிக்கு ஓட்டுபவராக இருக்கலாம். குத்தகைதாரராகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் நிலத்தின் உரிமை வேறு, அந்த நிலத்தில் வேட்டையாடும் உரிமை வேறு. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது வேட்டை உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் உரிமையாளர்கள் நிறைய பேர். சிலர் அதை ஃபெசன்ட் வேட்டை நடத்தும் குழுக்களுக்குப் பணத்துக்கு விட்டிருப்பார்கள்.

முயலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. 1880ஆம் ஆண்டின் ஒரு சட்டம், முயல்களைப் பிடிக்கும் உரிமையைப் பயிர் செய்பவருக்குக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் எப்படி எழுதி வாங்கினாலும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. தன் பயிரைத் தின்னும் முயலை நிலச்சுவான்தாருக்குப் பயந்து வேடிக்கை பார்க்க வேண்டியிருந்த குத்தகை விவசாயிகளுக்காக வந்த சட்டம் இது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: "இந்த நிலத்தில் சுடும் உரிமை யார்கிட்ட இருக்கு?"

எப்படிக் கேட்பார்கள்?

போனில் கேட்பதைவிட நேரில் போவதுதான் வழக்கம். தன் வயலில் துப்பாக்கியோடு திரியப்போகும் ஆளின் முகத்தைப் பார்க்கணும்னு விவசாயி நினைப்பது இயல்புதானே? அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் விஷயங்கள் இவை:

• துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். பச்சைப் புள்ளி போட்ட வேட்டை உடையும் வேண்டாம். சாதாரண உடையே போதும்.

• நேரம் பார்ப்பார்கள். வசந்தகாலத்தில் ஆடுகள் குட்டி போடும் சமயமும், ஜூலை, ஆகஸ்ட் அறுவடைக் காலமும் விவசாயிக்குப் பேச நேரம் இல்லாத நாட்கள்.

• "உங்க வயலில் புறாத் தொல்லை இருக்கா?" என்று அவருடைய பிரச்சனையில் இருந்து ஆரம்பிப்பார்கள்.

• துப்பாக்கிச் சான்றிதழ், விபத்து நடந்தால் இழப்பீடு தரும் காப்பீட்டுச் சான்று இரண்டையும் காட்டுவார்கள். 1908இல் தொடங்கப்பட்டு இன்று பிஏஎஸ்சி என்ற பெயரில் இயங்கும் துப்பாக்கி வேட்டைச் சங்கம் போன்ற அமைப்புகளில் உறுப்பினரானால் இந்தக் காப்பீடு கிடைக்கும்.

• 'வேண்டாம்' என்றால் வாதாடாமல், நன்றி சொல்லி, போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வருவார்கள். அடுத்த பருவத்தில் பயிர் போகும்போது அந்த நம்பருக்கு அழைப்பு வரலாம்.

வாய்மொழி அனுமதி சட்டப்படி செல்லும். ஆனாலும் எழுதி வாங்குவது நல்லது. எந்த வயல், எந்த உயிரினம், எந்த வகைத் துப்பாக்கி, எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். யாராவது போலீசுக்குச் சொல்லி விசாரணை வந்தால் அந்தத் தாள்தான் துணை. ரைஃபிள் வைத்திருக்கச் சான்றிதழ் கேட்கும்போதும், எங்கே பயன்படுத்தப்போகிறீர்கள் என்று போலீஸ் கேட்கும். அப்போதும் அது கை கொடுக்கும்.

விவசாயி ஏன் தயங்குகிறார்?

பெரும்பாலான நேரம் பதில் 'வேண்டாம்' என்றுதான் வரும். "ஏற்கெனவே ஒருத்தர் வர்றார்" என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். சில நேரம் அது உண்மை. சில நேரம் நாசூக்கான மறுப்பு.

உண்மையான பயங்களும் இருக்கு. இங்கிலாந்து வயல்களின் நடுவே பொதுமக்கள் நடந்துபோகும் உரிமை கொண்ட பாதைகள் ஓடுகின்றன. நாயோடு நடப்பவர்கள், குழந்தைகள் என யாரும் எந்த நேரமும் வரலாம். குண்டு எங்கே போய் நிற்கும் என்று யோசிக்காமல் சுடும் ஒருவரால் ஒரு உயிர் போகலாம். மேய்ச்சல் நிலத்தில் மாடு மிரளலாம். ஒரே ஒருவர் கேட்டை மூட மறந்தாலும், மாடுகள் எல்லாம் மெயின் ரோட்டில் நிற்கும்.

அதனால்தான் அனுமதி கிடைத்தவர்களுக்கும் எழுதப்படாத விதிகள் உண்டு. ஒவ்வொரு முறையும் வரும் முன் தகவல் சொல்லணும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடணும். காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகணும். கேட்காமல் நண்பர்களைக் கூட்டி வரக் கூடாது. பல வருஷம் பழகிக் கிடைத்த அனுமதி, ஒரு சாயங்கால அலட்சியத்தில் போய்விடும்.

2019இல் என்ன நடந்தது?

விவசாயி சரி என்றாலும் அரசின் உரிமம் இல்லைன்னா எதுவும் நடக்காது என்பதை 2019 காட்டியது. 'வைல்ட் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு, பொது உரிமங்கள் வழங்கப்படும் முறை சட்டப்படி சரியில்லை என்று சவால் விட்டது. இதையடுத்து ஏப்ரல் 25ஆம் தேதி மூன்று உரிமங்களை அரசு அமைப்பான 'நேச்சுரல் இங்கிலாந்து' திரும்பப் பெற்றது. பயிர் முளைக்கும் வசந்தகாலத்தில் இது நடந்ததால் விவசாயிகள் கொதித்துப் போனார்கள். அவசர அவசரமாக மாற்று உரிமங்கள் வந்தன. ஜூன் மாதம் அமைச்சகமே நேரடியாகப் புதிய உரிமங்களை வெளியிட்டது.

நம்ம ஊரில் விவசாயி அனுமதி கொடுத்தால் சுடலாமா?

முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டைக்குத் தடை. நிலம் உங்களுடையதாக இருந்தாலும், அதில் நுழையும் காட்டுப்பன்றியைச் சுட யாருக்கும் நீங்கள் அனுமதி தர முடியாது. அந்த அதிகாரம் அரசிடம்தான்.

கேரளாவில் 2022 முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். தனிநபர்கள் சுட அனுமதி இல்லை. மின்வேலி, நாட்டு வெடி வைப்பதும் குற்றம்தான்.

அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர் விவசாயி வீட்டு வாசலில் நிற்கிறார். இங்கே விவசாயி வனத்துறை அலுவலக வாசலில் நிற்கிறார். பிரிட்டனில் வசிக்கும் தமிழர்கள் யாராவது ஏர்கன் வாங்க நினைத்தால், ஒன்றை மறக்க வேண்டாம். குறைந்த சக்தி கொண்ட ஏர்கன்னுக்கு இங்கிலாந்தில் சான்றிதழ் தேவையில்லை, ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் தேவை. ஆனால் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க, ரெண்டு இடத்திலும் அனுமதி கட்டாயம்.