பத்து சதவீத மனிதர்கள்: எழுத்தாளர்களுக்கு ஏஜெண்ட் வந்த கதை

1886. இங்கிலாந்தின் சவுத்ஸீ என்ற கடலோர ஊரில் ஒரு இளம் டாக்டர். நோயாளிகள் அதிகம் வரவில்லை, அதனால் உட்கார்ந்து கதை எழுதினார். எழுதிய துப்பறியும் நாவலைப் பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வார்ட் லாக் என்ற கம்பெனி 25 பவுண்டு தருகிறோம் என்றது. மொத்த உரிமைக்கும் சேர்த்து! விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி கேட்டுப் பார்த்தார், முடியாது என்றார்கள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த டாக்டர் ஆர்தர் கானன் டாயில். அந்த நாவல் 1887-ல் வெளிவந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்', அதாவது ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதை. அந்தப் புத்தகத்துக்கு அவருக்குக் கிடைத்தது அந்த 25 பவுண்டு மட்டும்தான்.

1891-ல் ஹோம்ஸை வைத்துச் சிறுகதைகள் எழுதியபோது டாயில் விவரமாகிவிட்டார். கதையை ஏ. பி. வாட் என்பவரிடம் கொடுத்தார். வாட் அதை 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

யார் இந்த வாட்? அலெக்சாண்டர் பொல்லாக் வாட் ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் ஒரு பதிப்பாளரிடம் வேலை பார்த்தவர். 1870-களில் அவருடைய நண்பரான ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற எழுத்தாளர், "என் கதைகளை விற்றுக் கொடுங்களேன்" என்று கேட்டார். நட்புக்காகச் செய்தது மெல்லத் தொழிலாக மாறியது. விற்றுத் தரும் பணத்தில் பத்து சதவீதம் கமிஷன். ரட்யார்ட் கிப்ளிங், ரைடர் ஹாகார்ட், தாமஸ் ஹார்டி என்று பெரிய பெயர்களெல்லாம் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

ஏன் அந்தக் காலத்தில்? அதற்கு முன்பும் எழுத்தாளர்கள் இருந்தார்களே? இருந்தார்கள். ஆனால் விற்பதற்கு இத்தனை பொருள்கள் அவர்களிடம் இருக்கவில்லை. 1870-ல் வந்த கல்விச் சட்டத்தால் இங்கிலாந்தில் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள், பத்திரிகைகளும் பெருகின. 1891 வரை அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஆங்கிலேயரின் புத்தகத்தைக் காசு கொடுக்காமலேயே அச்சடித்துக் கொள்ளலாம். அந்த வருடம் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரே நாவலைப் பல துண்டாக விற்கலாம்: பத்திரிகைத் தொடராக, லண்டன் பதிப்பாக, அமெரிக்கப் பதிப்பாக, இந்தியா ஆஸ்திரேலியா மாதிரி காலனிகளுக்குப் போகும் மலிவுப் பதிப்பாக, மொழிபெயர்ப்பாக. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி விலை. அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

பதிப்பாளர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வில்லியம் ஹைன்மன் என்ற பதிப்பாளர் 1893-ல் இந்த இடைத்தரகர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். அவர் கோபத்தில் சுயநலம் இருந்தது, ஆனால் முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. வாட் சில சமயம் பதிப்பாளர்களுக்காகவும் வேலை செய்தார். இரண்டு பக்கமும் வேலை செய்கிற தரகர் யார் பக்கம்? இந்தக் கேள்வி இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது.

1896-ல் ஜே. பி. பிங்கர் லண்டனில் கடை விரித்தார். முன்பு பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். புகழ் பெற்றவர்களோடு நிற்காமல் வளர்ந்து வரும் எழுத்தாளர்களையும் தேடிப் பிடித்தார். அவர்களில் ஒருவர் போலிஷ் குடும்பத்தில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, மூன்றாவது மொழியான ஆங்கிலத்தில் எழுதிய ஜோசப் கான்ராட்.

கான்ராட் மகா மேதை. பணவிஷயத்தில் மகா மோசம். ஒரு கதையை ஆரம்பித்தால் எப்போது முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. பிங்கர் ஒரு ஏற்பாடு செய்தார். எழுத எழுதப் பக்கங்களை அனுப்ப வேண்டும், பிங்கர் முன்பணமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கடைக்காரர் பாக்கி, டாக்டர் பில் எல்லாம் பிங்கர் தலையில். புத்தகம் விற்றதும் கழித்துக்கொள்ளலாம். 1904-ல் வந்த 'நாஸ்ட்ரோமோ' மாதிரி நாவல்கள் இப்படித்தான் எழுதப்பட்டன. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், வாசகர்கள் வாங்கவில்லை. கடன் மட்டும் வளர்ந்தது.

1907 கடைசியில் கான்ராட் ஒரு சிறுகதை ஆரம்பித்தார். அது நாவலாக வீங்கி, 1908 போய், 1909-ம் போய்விட்டது. கடன் 2,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. பொறுமை போன பிங்கர், பக்கங்கள் ஒழுங்காக வராவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவேன் என்றார். எழுதியதை நெருப்பில் போட்டுவிடுவேன் என்று கான்ராட் கொதித்தார். 1910 ஜனவரியில் ஒருவழியாக 'அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்' நாவலை முடித்து, பிங்கரைப் பார்க்க லண்டன் போனார். பெரிய சண்டை. தான் பேசுவது ஆங்கிலமே இல்லை என்று பிங்கர் சொன்னதாகக் கான்ராட் பின்பு கடிதத்தில் குற்றம் சாட்டினார். ஆங்கிலத்தில் எழுதிப் பிழைக்கும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

வீட்டுக்கு வந்தவர் படுத்துவிட்டார். காய்ச்சலில் போலிஷ் மொழியில் பேசினார், பக்கத்தில் கிடந்த கையெழுத்துப் பிரதியின் பாத்திரங்களோடு உரையாடினார் என்று மனைவி ஜெஸ்ஸி எழுதியிருக்கிறார். எழுந்த பிறகு பிங்கருக்கு எழுதிய கடிதங்கள் நண்பருக்கு எழுதுவது போல இல்லை, "ஐயா" என்று தொடங்கின. மறுபடி ராசியாக இரண்டு வருடம் ஆனது.

யார் பக்கம் நியாயம்? பிங்கர் பணம் கொடுக்காவிட்டால் அந்த நாவல்களில் பாதி வந்திருக்காது. ஆனால் ஏஜெண்டே கடன்காரராக மாறிய நாளில் கான்ராட்டுக்காகப் பேச ஆள் இல்லாமல் போனது. அவர் சண்டை போட வேண்டிய எதிராளியே தன்னுடைய ஆள்தான்!

சுபமான பகுதியும் உண்டு. 'சான்ஸ்' என்ற நாவல் 1914-ல் நன்றாக விற்றது, கான்ராட் கடனிலிருந்து எழுந்தார். 1922-ல் பிங்கர் நியூயார்க்கில் திடீரென்று இறந்தபோது கான்ராட் நொறுங்கிப் போனார்.

பிங்கருக்குப் பின் தொழில் மகன்கள் கைக்குப் போனது. நியூயார்க்கில் இருந்த மகன் எரிக், எழுத்தாளர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கையாடியதற்காக 1939-ல் சிறைக்குப் போனார். ஏமாந்தவர்களில் அன்றைய பிரபல நாவலாசிரியர் பிலிப்ஸ் ஓப்பன்ஹைமும் ஒருவர். பதிப்பாளர் தரும் பணம் முதலில் ஏஜெண்டின் கைக்குத்தான் வரும், அங்கே கமிஷன் கழிந்துதான் எழுத்தாளருக்குப் போகும். அந்த நடுவழியில்தான் ஓட்டை.

இன்று ஆங்கிலத்தில் நாவல் எழுதி லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ அனுப்ப நினைப்பவர்கள் இந்தப் பழைய கதையிலிருந்தே கேட்க வேண்டியதைக் கேட்கலாம். எழுத்தாளர்களின் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா? கணக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? கமிஷன் எவ்வளவு? (இப்போது உள்நாட்டு விற்பனைக்குப் பெரும்பாலும் 15 சதவீதம், வெளிநாட்டுக்கு 20.) ஏஜெண்டை விட்டு விலகினால் பழைய புத்தகங்களின் கமிஷன் யாருக்கு? படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்கிறவர் என்றால் கேள்வியே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். வாட் காலத்திலிருந்தே விற்ற பிறகுதான் கமிஷன்.

எந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். 1995-ல் ஜே. கே. ரௌலிங் எழுத்தாளர்களுக்கான டைரக்டரியைப் புரட்டி, மூன்று அத்தியாயங்களை ஏஜெண்டுகளுக்கு அனுப்பினார். முதலில் அனுப்பியது திரும்பி வந்தது. அடுத்தவர் கிறிஸ்டோபர் லிட்டில். பெயர் பிடித்திருந்ததாம், அதனால் அனுப்பினாராம்! பல பதிப்பாளர்கள் மறுத்த பிறகு ப்ளூம்ஸ்பரி சொற்ப முன்பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆனால் அமெரிக்க உரிமையைக் கொடுக்கவில்லை. அதை 1997-ல் தனியாக ஏலம் விட்டார்கள். ஸ்காலஸ்டிக் கம்பெனி 1,05,000 டாலருக்கு எடுத்தது.