கந்தைப் பாவை

பாவை என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. பொம்மைக்கும் பெண்ணுக்கும் கண்ணின் கருமணிக்கும் அஃது ஒருங்கே பெயராகும். எதிர்நிற்போரின் சிற்றுருவம் கருமணியுள் தோன்றுதலின் அதற்கும் அப்பெயர் வந்தது என்பர். நெய்தல் நிலச் சிறுமியர் ஈரமணலிற் செய்த வண்டற்பாவையையும், பஞ்சாய்க் கோரையாற் செய்த பாவையையும் சங்கப் புலவர் பாடினர். தன் பாவையை அலை வௌவியதாற் சினந்து, மணலை அள்ளிக் கடலைத் தூர்க்க முயன்ற சிறுமியொருத்தியை ஐங்குறுநூற்றிற் காண்கின்றோம்.

ஆனால் வரலாற்றாசிரியன் கைக்கு மணற்பாவை அகப்படுவதில்லை. சிந்துவெளியிற் கிடைத்த தலையசைக்கும் சுடுமண் எருது அகப்படுகின்றது. செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கிய மரப்பாச்சி, மணமகளுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டு, தலைமுறை கடந்தும் நவராத்திரிக் கொலுவில் இடம்பெறுகின்றது. சுட்டதும் செதுக்கியதும் எஞ்ச, முடைந்ததும் தைத்ததும் அழிந்தன. இவ்வழக்கிற்கு அரியதொரு விலக்குண்டு. எகிப்து நாட்டில் உரோமர் காலத்துக் குழந்தையொன்று வைத்து விளையாடிய துணிப்பொம்மை இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. நாரிழைத் துணியுள் கந்தையும் பப்பைரசுத் துண்டுகளும் அடைத்துச் செய்யப்பட்டது அது. அந்நாட்டு உலர்மணல் அதனைக் காத்தது.

ஊவா மலைகளுக்கு அத்தகைய மணல் வாய்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் லயத்துச் சுவர்களே கசியும், கந்தை எம்மாத்திரம்!

மலையகத்திற் பாவையின் வரலாற்றைத் தேயிலையோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும் என்பது என் கருத்து. காப்பிக் காலத்தில் வந்தோரிற் பெரும்பாலார் ஆடவர். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. கொழுந்தோ ஆண்டு முழுவதும் எடுக்கப்பட வேண்டியது. எனவே பெண்கள் மிகுதியாக வந்தனர், குடும்பங்கள் நிலைத்தன. குழந்தை தங்கிய இடத்திலன்றோ பாவைக்கு வேலையுண்டு?

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் கொலுப்படி அடுக்க இடமேது? சரசுவதி படத்தின்முன் புத்தகங்களை அடுக்கியதே பலருக்கு நவராத்திரி. மரப்பாச்சி இல்லை என்பதைக் கொண்டு, இம்மக்களிடம் பாவை மரபே இல்லை எனச் சிலர் கருதுகின்றனர். ஒரு கருத்தரங்கில் இவ்வாறு கூறக் கேட்டு, மறுக்கச் சான்றின்றி வாளாவிருந்தேன். இன்று வரை அது என் நெஞ்சை உறுத்துகின்றது.

வீடு வந்து என் அன்னையாரிடம் வினவினேன். அவர் சிறிதும் தயங்காது விடையிறுத்தார்: 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாத்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்லக் குறிக்கப்பட்ட அடுத்த காம்பராக் குடும்பம், 1970 ஆம் ஆண்டளவிற் பதுளைப் புகையிரத நிலையத்தினின்று தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டதாம். பெட்டியிற் பாத்திரத்துக்கும் சாமிப் படத்துக்குமே இடமிருந்தது. அவ்வீட்டுச் சிறுமி தன் பாவையை, “நீ வச்சிக்க புள்ள, நான் வந்து வாங்கிக்கிறேன்” என்று அன்னையார் கையில் ஒப்படைத்தாள். அவள் திரும்பி வரவில்லை. அடுப்பின் மேற்பரணில் அதனைப் பல ஆண்டு வைத்திருந்தும், எலியும் ஈரமும் விடவில்லை.

எனவே நூதனசாலையில் வைக்க யாதுமில்லை. அன்னையார் சொல்லச் சொல்ல யான் குறித்துக்கொண்டது மட்டும் வருமாறு: நீளம் ஒரு சாணும் நான்கு விரலும். உடல், நைந்த பச்சைச் சேலை. உள்ளே, கொழுந்தெடுக்கும்போது தலையில் இட்ட பழங்கம்பளியின் துண்டுகள். கண்கள் கறுப்பு நூல் முடிச்சு. இடக்கண் சற்றே மேலேறியது. வாய் தைக்கப்படவில்லை. கழுத்திற் சிவப்பு நூலொன்று, தாலியாக. பெயர் மீனாட்சி.