காரைக்கால் தேர்தல் தொகுதிகளின் வரலாறு

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பிராந்தியங்களுள் ஒன்று. காவிரிக் கழிமுகத்தில் வங்கக் கடலோரம் அமைந்துள்ள இதன் நிலப்பகுதி முழுவதும் தமிழ்நாட்டால் சூழப்பட்டுள்ளது. தலைநகரான புதுச்சேரி சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. மாகி கேரளக் கடற்கரையிலும் ஏனாம் ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்திலும் உள்ளன. இவ்வாறு சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு எத்தனை உறுப்பினர்கள், எந்த எல்லைக்குள் என்ற கேள்வி பிரெஞ்சுக் காலத்திலிருந்தே தொடர்கிறது.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது. பிரெஞ்சு மூன்றாம் குடியரசின் காலத்தில் பாரிசு நாடாளுமன்றத்தின் கீழவைக்கு பிரெஞ்சிந்தியா முழுவதற்கும் ஓர் உறுப்பினரே தேர்ந்தெடுக்கப்பட்டார். புதுச்சேரி, காரைக்கால், சந்திரநாகூர், மாகி, ஏனாம் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரே தொகுதியாக இருந்தன.

உள்ளூர் அளவில் 1880-ஆம் ஆண்டு ஆணைப்படி 'கொம்யூன்' என்னும் நகராட்சி அமைப்புகள் தோன்றின. அப்போது பிரெஞ்சிந்தியாவில் இருந்த 10 கொம்யூன்களில் 3 காரைக்காலுக்கு உரியவை. 1907-இல் மொத்த எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தபோது காரைக்காலின் பங்கு 6 ஆனது. காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகியவையே அந்த ஆறு. பிற்காலச் சட்டமன்றத் தொகுதிகளின் பெயர்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வந்தவை.

அக்காலத் தேர்தலில் வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலில் இடம்பெறவில்லை. 1884 முதல் ஐரோப்பியர், தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர், ஏனைய இந்தியர் என மூன்று தனிப் பட்டியல்கள் இருந்தன. தொகையில் மிகச் சிலரான ஐரோப்பியர் இதனால் அளவுக்கு மிஞ்சிய செல்வாக்குப் பெற்றனர். ஆகவே தொகுதி எல்லையை மட்டும் பார்த்து அக்காலப் பிரதிநிதித்துவத்தை அளவிட முடியாது.

பிரதிநிதித்துவ சபை

1946-இல் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபை உருவாக்கப்பட்டது. அதில் புதுச்சேரிக்கு 22, காரைக்காலுக்கு 12, சந்திரநாகூருக்கு 5, மாகிக்கு 3, ஏனாமுக்கு 2 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1949-இல் நடந்த வாக்கெடுப்பில் சந்திரநாகூர் மக்கள் இந்தியாவுடன் இணைய முடிவு செய்தனர். அந்த 5 இடங்கள் நீங்கியபின் சபையின் அளவு 39 ஆனது. அதில் காரைக்காலின் 12 இடங்கள் ஏறத்தாழ 31 விழுக்காடு.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு முழுமை பெற்றது.

சட்டமன்றமும் மக்களவையும்

அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் (1962) புதுச்சேரியை ஒன்றியப் பகுதியாக்கி, நாடாளுமன்றத்தில் அதற்கு இடமளித்தது. 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டப்படி பிரதிநிதித்துவ சபை சட்டமன்றமாக மாறியது. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் 30 பேர். இவர்களோடு மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம்.

மக்களவைக்கு நான்கு பிராந்தியங்களும் சேர்ந்து 'புதுச்சேரி' என்ற ஒரே தொகுதி. நேரடித் தேர்தல் 1967-இல் தொடங்கியது. பிற மாநிலங்களில் மக்களவைத் தொகுதிகள் பிரிந்தும் இணைந்தும் பெயர் மாறியும் வந்திருக்க, இங்கு தொகுதி ஒன்றாகவே நீடிக்கிறது. பாரிசுக்கு ஓர் உறுப்பினரை அனுப்பிய நிலையும் தில்லிக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் நிலையும் இவ்வகையில் ஒன்றே. மாறியவை அதற்குள் அடங்கிய சட்டமன்றத் தொகுதிகள்தாம்.

2008 மறுவரையறை

2006 சட்டமன்றத் தேர்தல் வரை காரைக்காலுக்கு 6 தொகுதிகள் இருந்தன: கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகையின் அடிப்படையில் எல்லைகளைத் திருத்தியது. கோட்டுச்சேரித் தொகுதி மறைந்து, அதன் பகுதிகள் அண்டைத் தொகுதிகளில் சேர்ந்தன. மாகியில் இருந்த மாகி, பள்ளூர் என்னும் இரண்டும் ஒன்றாயின. புதுச்சேரிப் பிராந்தியத்தின் இடங்கள் 21-இலிருந்து 23 ஆக உயர்ந்தன.

இதற்கான காரணத்தை எளிய வகுத்தலால் அறியலாம். 2001-இல் ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 9,74,345. இதை 30-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 32,478 பேர். காரைக்காலின் மக்கள்தொகை 1,70,791. சராசரியால் வகுத்தால் 5.26. புதுச்சேரிக்கு 22.64, மாகிக்கு 1.13, ஏனாமுக்கு 0.97. முழு எண்ணாக்கினால் முறையே 5, 23, 1, 1.

2011 கணக்கெடுப்பில் மொத்தம் 12,47,953, காரைக்கால் 2,00,222. அதே முறையில் வகுத்தால் காரைக்காலுக்கு 4.81 வருகிறது, அதாவது அப்போதும் 5 இடங்களே.

எண்ணிக்கையின் பொருள்

காரைக்காலின் மக்கள்தொகை குறையவில்லை; புதுச்சேரியின் வளர்ச்சி அதைவிட வேகமானது. 'ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு' என்ற நெறிப்படி 2008 முடிவில் பிழை காண்பது கடினம். ஆனால் அவையில் காரைக்காலின் பங்கு 39-இல் 12, 30-இல் 6, 30-இல் 5 எனக் குறைந்து வந்துள்ளது. நியமன உறுப்பினர் மூவரையும் சேர்த்தால் 33-இல் 5. ஏறத்தாழ 15 விழுக்காடு. நியமன உறுப்பினருக்கும் வாக்குரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது.

நிதி ஒதுக்கீடு, மருத்துவமனை, கடைமடைக்குக் காவிரி நீர் ஆகியவற்றுக்காகத் தலைநகரில் பேச வேண்டிய தொலைதூரப் பகுதிக்கு ஓர் இடக் குறைவும் பெரிதே. மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொள்வதா, நிலத்தால் பிரிந்து கிடப்பதையும் கணக்கில் கொள்வதா என்பதே அடுத்த மறுவரையறையின்போதும் காரைக்கால் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.