அறிவு யாருடைய உடைமை? - விளையாட்டுக் காட்ரிஜின் வரலாறு தரும் விடை

விளையாட்டு என்பது சிறுவர்க்குரியது. அதனை வரலாற்று ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது வீண் முயற்சி என்று கருதுவோர் எம்மிடையே உளர். கூத்தையும் நாட்டார் பாடலையும் ஒரு காலத்தில் அவ்வாறே ஒதுக்கினர். ஒரு சமுதாயம் எதனை எவ்வாறு உற்பத்தி செய்கின்றது, அவ்வுற்பத்தியின் பயன் யாரைச் சேருகின்றது என்பனவற்றை அறிய விரும்புவோனுக்கு ஆலைகளைப் போலவே விளையாட்டுப் பொருள்களும் சான்று பகரும்.

அண்மைக் காலத்தில் ஒருவகைப் புதிய விளையாட்டுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்துள்ளன. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த காட்ரிஜ் ஒன்றை அவற்றிலே செருகினால், அவ்விளையாட்டு இன்றைய தொலைக்காட்சித் திரையில் உயிர் பெறுகின்றது. ஆனால் அப்பெட்டிக்குள் பழைய இயந்திரத்தின் உறுப்பு ஒன்றேனும் இல்லை. பழைய இயந்திரத்தின் இயல்பு முழுவதும் புதிய சிப் ஒன்றிலே மீண்டும் வனையப்பட்டிருக்கின்றது. இதனை வன்பொருள் மீளாக்கம் என்பர். இது எவ்வாறு சாத்தியமாயிற்று? யாருடைய உழைப்பாற் சாத்தியமாயிற்று? இதனால் விளைந்த அறிவு யாருக்கு உரியது? இம்மூன்று வினாக்களையுமே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1

எழுபதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்க வீடுகளிற் புகுந்த விளையாட்டுப் பெட்டிகளுட் பெரும்பாலானவை, தம்முள்ளே நிலையாக அமைக்கப்பட்ட விளையாட்டுக்களை மட்டுமே ஆடவல்லனவாயிருந்தன. 1976 ஆம் ஆண்டிலே பெயார்சைல்ட் கம்பனி வெளியிட்ட 'சனல் எஃப்' இந்நிலையை மாற்றியது. விளையாட்டை ஒரு நினைவகச் சிப்பிற் பதித்து, அதனைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, வேண்டும்போது செருகவும் கழற்றவும் கூடிய காட்ரிஜாக அது விற்றது. இவ்வெண்ணக்கரு அல்பெக்ஸ் என்னும் சிறிய நிறுவனமொன்றிலே தோன்றியது. சந்தைக்கேற்ற பொருளாக அதனை ஆக்கிய பொறியியலாளருக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லோசன். கலிபோர்னியாவின் இலத்திரனியற் தொழிலிற் கறுப்பினப் பொறியியலாளர் மிக அரிதாயிருந்த காலத்தில் இதனைச் சாதித்தவர் அவர். 2011 இல் அவர் மறைந்தார். அதற்குச் சற்று முன்னரே அவருடைய பங்கு பரவலாகப் பாராட்டப்பட்டது.

பெயார்சைல்டின் பெயரோடு இன்னொரு வரலாறும் பிணைந்துள்ளது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ஷிப்றொக் என்னுமிடத்தில், நவாஹோ மக்களின் நிலத்திலே, அக்கம்பனி 1965 முதல் சிப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியது. உச்ச நிலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நவாஹோ தொழிலாளர் அங்கு வேலை செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். 1969 இல் கம்பனி வெளியிட்ட பிரசுரமொன்று, சிப்பின் கோலத்தை நவாஹோப் பெண்கள் நெய்யும் கம்பளத்தின் கோலத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தது. பரம்பரைக் கைத்திறன் என்ற பாராட்டு மலிவான கூலிக்கு மறைப்பாயிற்று. 1975 ஆம் ஆண்டு ஆட்குறைப்பை எதிர்த்து அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் அத்தொழிற்சாலையைக் கைப்பற்றி அமர்ந்தபொழுது, கம்பனி அதனை மூடிவிட்டு அகன்றது. மறு ஆண்டிலேதான் சனல் எஃப் சந்தைக்கு வந்தது. அந்தத் தொழிற்சாலைக்கும் அந்தப் பெட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டென்பது எமது வாதமன்று. ஒரு தொழிற்றுறை எத்தகைய உழைப்பின்மீது எழுந்ததென்பதை உணர்த்தவே இதனைக் கூறுகின்றோம்.

காட்ரிஜ் பொருளாதார உறவொன்றையும் உண்டாக்கியது. பெட்டியை ஒருமுறை வாங்கியவன் காட்ரிஜ்களைத் தொடர்ந்து வாங்க வேண்டியவனானான். ஆகவே இலாபம், விளையாட்டை எழுதுவோனின் மூளையுழைப்பைச் சார்ந்து நின்றது. 1977 இல் தன் பெட்டியை வெளியிட்ட அட்டாரி கம்பனி, அதற்கு விளையாட்டு எழுதியவர்களின் பெயர்களை வெளியிட மறுத்தது. வொரன் றொபினெட் என்பவர் தாம் எழுதிய 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டிலே, கண்ணுக்குப் புலப்படாத ஓர் அறையை அமைத்து, அதனுள்ளே தமது பெயரை ஒளித்து வைத்தார். படைப்பாளி தன் படைப்பிலே தன் பெயரைக் களவாகப் பொறிக்க வேண்டியிருந்த நிலை அது! வேறு நால்வர், பெயரும் உரிய ஊதியமும் மறுக்கப்பட்டமையால் வெளியேறி, 1979 இல் அக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய குழுவில் இணைந்தனர்.

இலாபம் பெருகியபொழுது மறைந்திருந்த முரண்பாடு, இலாபம் சரிந்தபொழுது வெளிப்பட்டது. 1983 பெப்ரவரியில், உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றுவதாகக் கூறி, அட்டாரி ஏறக்குறைய 1,700 தொழிலாளரை வேலைநீக்கஞ் செய்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், விற்பனையாகாத காட்ரிஜ்கள் நியூ மெக்சிக்கோவின் அலமொகோர்டோ நகரக் குப்பை மேட்டிலே புதைக்கப்பட்டன. அவற்றின் தொகை ஏறத்தாழ 728,000 என அப்பணியை மேற்பார்வை செய்த அலுவலர் பின்னர் கூறினார். 2014 ஏப்பிரலில் அவ்விடம் தோண்டப்பட்டபொழுது ஆயிரத்துச் சொச்சம் காட்ரிஜ்கள் வெளிவந்தன. விலை போகாத பண்டத்தை மண்ணிலிட்டு மூடும் முறைமைக்கு, அப்பண்டத்திலே பொதிந்திருந்த உழைப்பு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

2

அதே 1983 ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று, யப்பானிலே நின்டென்டோ கம்பனி தன் 'ஃபமிகொம்' பெட்டியை வெளியிட்டது. 1985 இல் அமெரிக்காவுக்குச் சென்ற அதன் வடிவத்திலே ஒரு பூட்டுச் சிப் சேர்க்கப்பட்டது. பெட்டியில் ஒன்றும் காட்ரிஜில் ஒன்றுமாக இரு சிப்கள் இருந்தன. இரண்டும் ஒத்த குறிகளை இடையறாது பரிமாறினாலன்றி, பெட்டி திரும்பத் திரும்பத் தொடக்க நிலைக்கே மீண்டுவிடும். அந்நாட்டில் அப்பெட்டிக்கு விளையாட்டு எழுத விரும்பிய பிற நிறுவனங்கள் கம்பனியின் அனுமதி பெற வேண்டும். காட்ரிஜ்களைக் கம்பனியிடமே பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடவும் கூடாது. காட்ரிஜ் வாங்கியவனின் கையில் இருந்தது. திறவுகோலோ கம்பனியின் கையில் இருந்தது.

இத்தகைய பூட்டுக்கள் நீதிமன்றப் போராட்டங்களைப் பிறப்பித்தன. 1992 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு முக்கிய தீர்ப்புகளை வழங்கின. ஒன்றிலே, அரசாங்கப் பதிவகத்திலிருந்து பூட்டின் நிரலைப் பொய்க் காரணங் காட்டிப் பெற்ற அட்டாரி தரப்பு தோற்றது. மற்றொன்றிலே, தான் வாங்கிய பொருளைப் பிரித்து ஆராய்ந்து அதன் இயக்கத்தை அறிந்துகொண்ட அக்கொலேட் நிறுவனம், சேகா கம்பனிக்கு எதிராக வென்றது. ஏமாற்றிப் பெறுவது குற்றம். ஒன்றுடன் ஒன்று இணைந்து இயங்குவதற்காக ஆராய்ந்து அறிவது குற்றமன்று. இந்த வேறுபாடு பின்வந்தோருக்குப் பெருந்துணையாயிற்று.

சட்டப் புத்தகங்களுக்கு வெளியே வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஃபமிகொமின் சிப்களைத் தாய்வானியத் தொழிற்சாலைகள் போலி செய்தன. அப்போலிச் சிப்களைக் கொண்ட பெட்டிகள், உரிய விலை கொடுக்க இயலாத நாடுகளுக்கெல்லாம் பரந்தன. 1992 இன் இறுதியில் ரஷ்யாவிலே அத்தகைய பெட்டி 'டெண்டி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சீனத்திலே 'சுபோர்' பெட்டி புகழ் பெற்றது. கோடிக்கணக்கான சாதாரண வீட்டுப் பிள்ளைகள் இவ்விளையாட்டுக்களை அறிந்தது போலிகளின் வாயிலாகவே. இன்று நுட்பமான பெட்டிகளாக விற்கப்படும் வன்பொருள் மீளாக்கத்துக்கு இவையே முன்னோடிகள். போலி செய்தவர்களின் நோக்கமும் இலாபமேயாகும். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பூட்டி வைக்கப்பட்ட அறிவு பூட்டினுள்ளே நிலைப்பதில்லை என்பதற்கு அவை சான்றாய் நின்றன.

3

இயந்திரம் முதுமையடையும். மின்தேக்கிகள் கசிகின்றன, இணைப்பூசிகள் துருவேறுகின்றன. விளையாட்டின் நிலையைச் சேமித்து வைக்கும் காட்ரிஜ்கள் பலவற்றினுள்ளே இருக்கும் சிறு மின்கலமும் காலக் கிரமத்தில் வலுவிழக்கின்றது. பழைய பெட்டிகள் கண்ணாடிக் குழாய்த் திரைக்கெனச் சமைக்கப்பட்டவை. அத்திரைகளோ இன்று அருகிவிட்டன. இன்றைய தட்டைத் திரைகள் பழைய சமிக்ஞையைக் கலங்கலாகவும் தாமதித்தும் காட்டுகின்றன. சில அதனை ஏற்பதேயில்லை.

இதற்கு முதலிற் கண்ட தீர்வு மென்பொருட் போலி. ஒரு கணினியின் செயலி, பழைய இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பாகவும் முறைவைத்து நடிக்கும். சிறிது நேரம் செயலியாகவும், பின்னர் படந்தீட்டும் சிப்பாகவும், பின்னர் ஒலியெழுப்பும் சிப்பாகவும் அது மாறும். ஒரே நடிகன் எல்லா வேடங்களையும் மாறிமாறிக் கட்டி ஆடும் நாடகத்தை ஒப்பது இது.

வன்பொருள் மீளாக்கத்துக்கு அடிப்படையானது எப்.பி.ஜி.ஏ. எனப்படும் சிப். 1985 இல் சைலிங்ஸ் நிறுவனம் இவ்வகைச் சிப்பை முதன்முதலாக வணிகப் பொருளாக்கியது. தொழிற்சாலையை விட்டு வெளியேறும்பொழுது அதற்கென ஒரு தொழில் விதிக்கப்பட்டிருப்பதில்லை. எண்ணற்ற சிறு தருக்கக் கூறுகள் அதனுள் உள்ளன. அவற்றை எவ்வாறு இணைப்பது என்பதைப் பயன்படுத்துவோனே எழுதித் தீர்மானிக்கின்றான். ஆகவே பழைய செயலி, பட சிப், ஒலிச் சிப் ஆகியவற்றின் சுற்றுக்களை அதிலே அருகருகே வனைந்துவிடலாம். அவை ஒரே நேரத்தில், பழைய கடிகார வேகத்திலேயே இயங்கும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் உருவம் துள்ளுவதற்கும் இடைப்பட்ட தாமதம் இதனாற் குறைகின்றது.

இதிலே காட்ரிஜின் இடம் கருதத்தக்கது. அது வெறும் புத்தகமன்று. செருகப்பட்ட கணமே இயந்திரத்தின் ஓர் அங்கமாகிவிடுவது. 1989 இல் கொனாமி நிறுவனம் யப்பானில் வெளியிட்ட 'அக்குமாஜோ டென்செட்சு' என்னும் விளையாட்டின் காட்ரிஜிலே, மூன்று மேலதிக ஒலித்தடங்களைத் தரும் சிப் ஒன்று இருந்தது. ஃபமிகொமின் ஒலி காட்ரிஜினூடாகச் சென்று மீள்வதால் அதன் இசை பொலிவுற்றது. அவ்வழி இல்லாத அமெரிக்கப் பெட்டிக்கு வந்த பதிப்பில் அச்சிப் இல்லை. இத்தகைய காட்ரிஜோடு உரிய கணத்தில் உரிய குறிகளைப் பரிமாறவல்ல பெட்டியே அதனை முழுமையாக இசைக்கும்.

பழைய சிப்களின் இயல்பை எவ்வாறு அறிந்தனர்? அவற்றை ஆக்கியோரின் வரைபடங்கள் பொதுமக்களுக்குக் கிட்டவில்லை. ஆர்வலர்கள் ஆண்டுக் கணக்கிற் சோதனை நிரல்கள் எழுதினர், சமிக்ஞைகளை அளந்தனர், சிப்களின் மேலோட்டை அமிலத்தாற் கரைத்து நுணுக்குக்காட்டியாற் படம் பிடித்தனர். ஃபமிகொமின் செயலிக்கு மூலமான 6502 என்னும் சிப் 1975 இல் வெளிவந்தது. அதன் ஏறத்தாழ 3,500 திரான்சிஸ்டர்களையும் 2010 அளவிற் படத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் தடமெடுத்து, எவரும் காணுமாறு வெளியிட்டனர். செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதியோரின் பொறுமையை இது ஒத்தது. ஏடு பெயர்ப்போன் தவறாக வாசித்த இடம் புதிய ஏட்டிலும் தவறாகவே நிற்கும், எப்.பி.ஜி.ஏ.யிலும் அவ்வாறே. மீளாக்கம் மூல இயந்திரமன்று. மூல இயந்திரத்தைப் பற்றி நாம் பெற்ற அறிவின் உருவம். அறிவு திருத்தமுறுந்தோறும் மீளாக்கமும் திருத்தமுறும்.

4

இவ்வறிவு இருவேறு வழிகளிற் பண்டமாகவும் பொதுவுடைமையாகவும் நிற்பதை இன்று காண்கின்றோம். அனலொக் என்னும் அமெரிக்க நிறுவனம் 2017 இல் 'என்.ரி. மினி'யை 449 டொலருக்கு விற்றது. அடுத்தடுத்து வேறு பெட்டிகளையும் 2021 இல் கைப்பெட்டி ஒன்றையும் வெளியிட்டது. அவை அழகியவை, செம்மையானவை. ஆனால் அவற்றின் சுற்று விவரணத்தைக் கம்பனி வெளியிடுவதில்லை. 2017 இலேயே வளரத் தொடங்கிய 'மிஸ்டர்' என்னும் திட்டமோ, மாணவரும் பொறியியலாளரும் பயிலும் டி.ஈ.10-நானோ என்னும் பலகையை அடிப்படையாகக் கொண்டது. அதன் மூல நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். காட்ரிஜ் செருகும் வாய் அதற்கு இயல்பாக இல்லை. ஆனால் அறிவின் வாயில் திறந்திருக்கின்றது. 2022 இல் அனலொக் தன் கைப்பெட்டியை வெளியார் எழுதும் மீளாக்கங்களுக்குத் திறந்துவிட்டபொழுது, மிஸ்டரில் வளர்ந்தவை பல விரைவிலே அதற்குப் பெயர்க்கப்பட்டன. தனி உடைமையும் பொது உழைப்பின் துணையை நாட நேர்ந்தது.

காட்ரிஜ் வாய்க்குச் சட்டம் சார்ந்த பொருளும் உண்டு. கண்டுபிடிப்புக்கான காப்புரிமை ஏறத்தாழ இருபது ஆண்டுகளிற் காலாவதியாகின்றது. ஆகவே பழைய இயந்திரத்தை மீள வனைவதற்குப் பெருந்தடையில்லை. விளையாட்டின் பதிப்புரிமையோ, அமெரிக்கச் சட்டப்படி, கம்பனிப் படைப்பாயின் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு நீடிக்கின்றது. இயந்திரம் பொதுவாகிவிட்டது, விளையாட்டு ஆகவில்லை. ஆகையாலேதான் தான் விலை கொடுத்து வாங்கிய காட்ரிஜை மீண்டும் செருகி ஆடுவது சாதாரண மனிதனுக்கு எஞ்சியுள்ள தெளிவான உரிமையாய் இருக்கின்றது.

அவ்வுரிமையின் எல்லையோ குறுகியது. அமெரிக்காவில் 2010 இற்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் 87 சதவீதம் சந்தையிற் கிடைப்பதில்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. நூலகங்கள் தாம் காத்துவைத்த விளையாட்டுக்களை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே காட்ட அனுமதி வேண்டியபொழுது, 2024 ஒக்டோபரில் அந்நாட்டு அதிகாரிகள் மறுத்தனர். உரிமையாளர்கள் விற்பதுமில்லை, நூலகம் காட்டுவதற்கு விடுவதுமில்லை. அலமொகோர்டோவில் மண் போட்டு மூடினர். இன்று சட்டம் போட்டு மூடுகின்றனர்.

பெயர் மறுக்கப்பட்ட நிரலாளர், ஷிப்றொக்கின் நவாஹோப் பெண்கள், வேலையிழந்த 1,700 பேர், ஊதியமின்றிச் சிப்களை அளந்த ஆர்வலர் ஆகிய அனைவரின் உழைப்பும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்த துறை இது. அதன் விளைவாகிய அறிவைக் கம்பனியொன்றின் இரும்புப் பெட்டிக்குள் வைத்தால், கம்பனியின் ஆர்வம் தீரும் நாளில் அதுவும் தீரும். மக்கள் கையில் எழுதி வைத்தால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வர். பழைய விளையாட்டை ஆடும் மாணவனிடம் ஆசிரியர், 'இது வீண்பொழுது' என்று மட்டும் கூறி நிறுத்திவிட வேண்டாம். இதனைச் செய்தவர் யார், பூட்டியவர் யார், திறந்தவர் யார் என்று கேட்குமாறு அவனைப் பழக்குவோமாக. அவ்வினாக்கள் விளையாட்டுப் பெட்டியோடு நின்றுவிடா. பாடநூலையும் மருந்தையும் விதைநெல்லையும் பற்றி நாளை அவன் கேட்க வேண்டிய வினாக்களும் அவையே.