பூஜ்யத்தின் பெருமை

துவாக்குடியில் 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான கலாசாலையிலும் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால் தலைகுனிவுதான். ஆனால் அங்கே கணிப்பொறி முன் அமரும் மாணவனுக்குப் பூஜ்யமே வெற்றி!

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் பரப்பிய வழக்கம் இது. ஏவிய வேலை முடிந்ததும் நிரல் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு விடைபெறும். வெற்றிக்கு முகம் ஒன்று, ஆகவே பூஜ்யம். தோல்விக்கோ காரணங்கள் பல. ஆகவே மற்ற எண்கள். 127 என்றால், 'அப்படியொரு கட்டளையே இல்லை, ஐயா!'

இந்த எண்ணுக்குக் கிடைக்கும் இடம் எட்டே பிட்; 255-க்கு மேல் கொள்ளாது. பிழைகளின் தொகையையே விடையாகச் சொல்லும் நிரல் 256 பிழைகளைக் கண்டால், வெளிவருவது பூஜ்யம்! அதை வெற்றியென்று நம்பி அடுத்த வேலையும் தொடங்கிவிடும். தோற்ற தூதன் கணக்கு ஒப்பிக்க வேண்டாம். 'தோற்றேன்' என்றால் போதும்.