இணையத்தின் மறதிக்கு மருந்தாக வந்த குக்கி எங்களை வேவு பார்க்கத் தொடங்கியது எப்படி?

ஓர் இணையத்தளத்துக்குள் போனால் "குக்கிகளை ஏற்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி வருகிறது. நாங்கள் வாசிப்பதில்லை. "ஏற்கிறேன்" என்பதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம். எதற்குச் சம்மதம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள முப்பது வருட வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் இணையத்துக்கு ஞாபகசக்தியே இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும். அடுத்த பக்கத்தைக் கேட்டால், சற்று முன் வந்தவர்தான் இவர் என்று அதற்குத் தெரியாது. நாங்கள் சாமான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி எங்களை மறந்துவிட்டால் கடை நடக்குமா?

1994இல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டூலி இதற்கு வழி கண்டார். இணையத்தளம் ஒரு சிறு துண்டு எழுதி எங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கும். மறுபடி போகும்போது உலாவி அதைக் காட்டும். அதுதான் குக்கி. ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர இலக்கம் கொடுத்தால் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஆளைப் பின்தொடரலாம் என்பதால் அந்த யோசனையை அவர் ஒதுக்கினார். ஒரு கடையின் துண்டை இன்னொரு கடை வாசிக்க முடியாது என்பதே ஏற்பாடு.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் வரும் விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் தன் துண்டை எங்களிடம் வைக்கலாம். செய்தித் தளத்திலும் மருந்துத் தளத்திலும் வேலைவாய்ப்புத் தளத்திலும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், மூன்று இடத்துக்கும் போனது ஒரே ஆள் என்று அதற்குத் தெரிந்துவிடும். டபிள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் இப்படித்தான் வளர்ந்தன.

1996 பெப்ரவரியில் பினான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் பொதுமக்களுக்கு விஷயம் தெரிய வந்தது. 1997இல் வெளியான தொழில்நுட்ப நியமம், இந்த மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்றது. அதை எழுதிய இருவரில் ஒருவர் மொன்டூலி. ஆனாலும் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசொஃப்டும் அதைப் பின்பற்றவில்லை. தடுத்தால் கண்ணுக்குத் தெரியாத வேறு வழிகளைக் கண்டுபிடிப்பார்கள், குக்கியையாவது பாவனையாளர் பார்த்து அழிக்கலாம் என்பது மொன்டூலி பின்னர் சொன்ன நியாயம்.

1999இல் டபிள்கிளிக், மக்களின் பெயர், முகவரி, கொள்வனவு விபரங்களை வைத்திருந்த அபாகஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த விபரங்களை இணையத் தடத்தோடு இணைக்கும் திட்டம், பலத்த எதிர்ப்பால் 2000இல் கைவிடப்பட்டது. 2008இல் டபிள்கிளிக் கூகுளின் கைக்குப் போனது.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும் என்றது. அந்தப் பெட்டி வந்த கதை அதுதான். 2020இல் அப்பிளின் சஃபாரி மூன்றாந் தரப்புக் குக்கிகளை முற்றாகத் தடுத்தது. குரோமிலும் நிறுத்துவோம் என்று அதே வருடம் சொன்ன கூகுள், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எங்கள் நாட்டிலும் 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

1997இலேயே சரியான விதி எழுதப்பட்டிருந்தது. ஆனால் காரியத்தைத் தீர்மானித்தது விதியல்ல, உலாவி எந்த அமைப்போடு எங்கள் கைக்கு வருகிறது என்பதுதான். அந்த அமைப்பை நாங்களே மாற்றலாம். குரோமின் செட்டிங்ஸில் மூன்றாந் தரப்புக் குக்கிகளைத் தடுக்க இரண்டு நிமிடம் போதும். இன்றே செய்வோம். பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் செய்து கொடுப்போம்.